கோச்சி இல்லாத ஊரின் டேசன்

அலவத்துகொடைக்கு ரயில் கிடையாது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குத் தண்டவாளம் போட்ட வெள்ளைக்காரன் அதை வத்தேகமப் பக்கமாக வளைத்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் அவன் கண்ணில் படவில்லை. எங்களுக்கு வாய்த்தது ஏ9 வீதியும், வீதியோரம் ஒரு பொலிஸ் நிலையமும். அதனால் எங்கள் ஊரில் 'டேசன்' என்றால் ஒன்றே ஒன்றுதான். வெளியூர்க்காரர் யாராவது "டேசனுக்கு எப்படிப் போறது?" என்று விசாரித்தால், வழி சொல்வதற்கு முன் "ஐயோ, என்ன நடந்தது?" என்று கேட்போம்.

நாற்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் என்பதால் எனக்கு இந்தச் சொல்லின் மீது நெடுநாள் கோபம் இருந்தது. புகையிரத நிலையம், பொலிஸ் நிலையம். இரண்டுக்கும் ஒரே நிலையமா? ஒன்றில் ஊரை விட்டுப் போகக் காத்திருக்கிறோம், மற்றதில் வீட்டுக்குத் திரும்பக் காத்திருக்கிறோம். இரண்டிலும் ஒரு மரவாங்கு, ஒரு தடித்த புத்தகம், "கொஞ்சம் இருங்க" என்று சொல்ல ஓர் ஆள். சொல் பஞ்சத்தால் வந்த கோளாறு என்றே நினைத்திருந்தேன். 2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த ஒரு காலைப் பொழுதில்தான், சொல் சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் பாடத்தைப் பிழையாக விளங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மலைநாட்டில் ஒரு ரயில் நிலையம். எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற நிலையங்களெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். என்னிடம் ஓ/எல் வரை படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் மேடையில் நின்றான். புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. பொங்கலுக்கு வந்தவன் திரும்பிக்கொண்டிருந்தான். நானும் அதே கோச்சிக்குத்தான். தங்களைவிடப் பெரிய பைகளைச் சுமந்துகொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருபது பேராவது நின்றார்கள். அந்தப் பைகளில் ஒரு ஆளையே மடித்து வைக்கலாம். கொன்ஸ்டபிளின் பார்வை அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு வந்து, பையனின் ரெக்சின் பையில் போய் நின்றது. மோப்ப நாய்க்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இவருக்குத் தேவைப்படவில்லை. தோலும் செருப்பும் போதும்.

"கோஹெத யன்னே?"

எங்கே போகிறாய். ரயில் மேடையில், கையில் டிக்கட்டோடு நிற்பவனிடம் கேட்கிற கேள்வி.

"கொழும்புக்கு, சேர்."

ஏன், என்ன வேலை, யாருடைய கடை, கடைக்காரர் எந்த ஊர், அவர் பெயர் என்ன, ஐசி எங்கே, ஐசியில் இருக்கும் ஆள் ஏன் இத்தனை மெலிவு. தட்டுத்தடுமாறினால் எதையோ மறைக்கிறான். டக்கென்று பதில் சொன்னால் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். பிறகு பையைத் திறக்கச் சொன்னார். இரண்டு சேட்டு, ஒரு சாரம், அம்மா சுட்டுக் கொடுத்த ரொட்டி, முறுக்கு. அடியில், கொப்பிக் கடதாசியில் மடித்த ஒரு பொட்டலம். உள்ளே சாம்பல் நிறத்தில் தூள்.

"குடுத?"

சிங்களத்தில் குடு என்றால் தூள். தெருவில் அதற்கு ஹெரோயின் என்று மட்டுமே பொருள். இரண்டு வருடம் புறக்கோட்டையில் கத்திக்கத்தித் துணி விற்றவனுக்கு அது தெரியாததல்ல. ஆனால் பயம் வந்தால் ஆளுக்குத் தாய்மொழி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பொலிஸ்காரர் "குடு" என்கிறார். தமிழில் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பையன் பொட்டலத்தை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான்.

"இந்தாங்க சேர்."

முடிந்தது. குடுவா என்று கேட்டதற்குக் குடுத்தேவிட்டான். இதைவிட நல்ல குற்ற ஒப்புதல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் துன்னூறு அது. தாய்க்காரி மடித்து வைத்தது, வழித்துணைக்கு.

இதை அந்தக் கொன்ஸ்டபிளின் தனிப்பட்ட கெட்டித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். வழிப்போக்கனை மறித்து விசாரிப்பது கண்டிச் சீமையின் குலத்தொழில். ஏறத்தாழ இருபது வருடம் இந்த ராச்சியத்தில் சிறைப்பட்டுக் கிடந்த ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன், தப்பிப் போய் 1681இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறான்: கடவைகளில் முள்ளால் கட்டிய படலைகள், காவல்காரர், சீட்டு இல்லாமல் யாரும் தாண்ட முடியாது. சீட்டு என்பது களிமண்ணில் பதித்த முத்திரை. சிப்பாய்க்கு ஈட்டி பிடித்த உருவம். கூலியாளுக்குத் தோள் தடியில் இரு பக்கமும் பொதி தொங்கும் உருவம். வெள்ளைக்காரனுக்கு வாளும் தொப்பியும். கடுகண்ணாவைக்குக் கீழே இன்றும் பலன என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. சிங்களத்தில் 'பார்' என்பதிலிருந்து வந்த பெயர்; கண்டிக்கு ஏறி வருகிறவனைப் பார்த்திருந்த இடம். அரசன் போய் இருநூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பார்வை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. பொதி சுமந்த உருவத்துக்கு இப்போது ரெக்சின் பை, தொப்பி வைத்த உருவத்துக்கு முதுகுப் பை. அந்தக் களிமண் முத்திரைக்கு ஒரு நல்ல குணம் இருந்திருக்க வேண்டும். ஒரு மழைக்குக் கரைந்துபோகும்.

வெள்ளைக்காரன் அதைச் சட்டமாகச் சுட்டு இறுக்கினான். 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அலைந்து திரிவோரைப் பிடிப்பதற்கானது. ரயில் கண்டிக்கு வந்தது 1867இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடையே இல்லாத காலத்தில், மேடையில் சும்மா நிற்பவனைப் பிடிக்கும் சட்டம் 26 வருடம் முன்கூட்டியே வந்து காத்திருந்திருக்கிறது. இந்த நாட்டில் நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பிறகு 1972இல் அடையாள அட்டை வந்தது. அதில் ஒரு நுட்பம் இருந்தது, இளையவர்களுக்குத் தெரியாது. நெடுங்காலம் வடக்கு கிழக்கு ஆட்களின் அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும். எங்கள் பக்கம் சிங்களம் மட்டும். யுத்த காலத்தில் கோட்டை ஸ்டேசனில் அட்டையை வாங்கிப் பார்ப்பவர் பெயரை வாசிக்கக்கூட வேண்டியதில்லை. தமிழெழுத்து தெரிந்தால் "மெஹாட என்ன", இப்படி ஓரமாக வா. தமிழெழுத்து இல்லாவிட்டால் வேறு சிரமம். தன் அட்டையில் தன் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று வாசிக்கத் தெரியாத கிழவர், அந்த அட்டையை நீட்டி 'நான் நான்தான்' என்று நிரூபிக்க வேண்டும். அட்டையே இல்லாத தோட்டத்து ஆட்கள் எத்தனையோ பேர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் அட்டை இல்லை. பிறந்தவனே நேரில் வந்து நின்றாலும் பிறந்ததற்குச் சாட்சி போதாது.

1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை தாக்கப்பட்ட பிறகு கண்டியில் தமிழில் இருமவே பயந்தோம். கிராம சேவகர் கடிதம், தோட்டத்துரை கடிதம், பொலிஸ் ரிப்போட். டிக்கட் ஒன்று, அதற்குத் துணைக் கடதாசி நாலு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியபோது சொல்லப்பட்ட காரணம், அவர்கள் தகுந்த காரணமில்லாமல் தலைநகரில் தங்கியிருந்தார்கள் என்பது. 1841ஆம் வருடச் சட்டம் எழுந்து நின்று கைதட்டியிருக்கும். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்களை ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரு தடங்கலும் இல்லாமல் அனுப்பி வைத்த ரயிலும் இருந்தது. 1964 அக்டோபர் 30இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் கையெழுத்து வைத்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள், சில்லறை இல்லாத கடைக்காரர் டொபி கொடுப்பதுபோல. அப்படி அங்கே என்று எழுதப்பட்டவர்களை மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிப்போன வண்டிக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அந்த மேடைகளில் யாரும் யாரிடமும் "கோஹெத யன்னே" என்று கேட்டதில்லை. எங்கே போகிறார்கள் என்று போகிறவர்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு வகை ஆட்களிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. 1958 மே 22 இரவு பொலன்னறுவை ஸ்டேசனில் ஒரு கூட்டம் தமிழரைத் தேடி ரயிலுக்குள் ஏறியது. அவசரகால நிலை பிரகடனமானது 27ஆம் திகதி. இடையில் நாடு எரிந்தது. 2018 மார்ச் 7ஆம் திகதி, அவசரகால நிலை அமுலில் இருந்த நாளிலேயே, எங்கள் அயலூர் அக்குறணைக்குக் கூட்டமாக வந்து முஸ்லிம்களின் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். ஏ9 வீதியில் அத்தனை பேர் வந்தார்களே, ஒருவரிடமாவது பையைத் திற என்று கேட்டதுண்டா? கேட்கப்பட வேண்டுமானால் தனியாகப் போக வேண்டும். கையில் முறுக்கு இருக்க வேண்டும். இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்தது என்றும் சொல்லமாட்டேன். 1971இலும் 88, 89இலும் கிளர்ச்சிகளின்போது தாடி வளர்த்த சிங்களப் பிள்ளைகளுக்கு இந்த மேடைகளில் என்ன நடந்ததென்று அவர்களுடைய தாய்மாரைக் கேளுங்கள். ஏழை என்ற சொல்லுக்குப் பொலிஸ் அகராதியில் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

மொழி என்றதும் ஒரு கிளைக்கதை. சில வருடங்களுக்கு முன் கோச்சியில் என் கைப்பை களவுபோனது. றம்புக்கணைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் வருமே, அங்கே ஓர் இருட்டில். என்ட்ரி போடப் போனேன். பொறுப்பாக இருந்தவர் மிகவும் அன்பானவர், தேநீர்கூடத் தந்தார். கேட்ட கேள்விதான் கொஞ்சம் கடினம். எந்தச் சுரங்கம்? நுழையும்போதா, வெளியே வரும்போதா? முந்திய பகுதி கேகாலை மாவட்டம், பிந்திய பகுதி கண்டி. கள்ளன் பையில் கை வைத்த நேரத்தில் எஞ்சின் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று சொன்னால்தான் எங்கே முறையிடுவதென்று அவரால் சொல்ல முடியும். கடைசியில் ஒருவாறு எழுதினார். சிங்களத்தில். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழில் எழுத முடியாதா என்றேன். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவு என்றார். அடுத்த மாதம் விசாரிக்கப் போனபோதும் லீவில்தான் இருந்தார். பாவம், என்ன நோயோ. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் 'தமிழும் அரசகரும மொழி' என்று எழுதினார்கள். அந்தத் 'தமிழும்' என்பதிலுள்ள 'உம்'முக்கு இலக்கணத்தில் எச்சவும்மை என்று பெயர், பத்தாம் ஆண்டில் படிப்பிப்பேன். எச்சம் என்றால் மிச்சம். கோச்சிக் கதவில் ஒற்றைக் கையால் தொங்குகிறவனைப்போல அந்த 'உம்'மைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது எங்கள் மொழி. நான் கையெழுத்துப் போட்டேன். பையைக் களவு கொடுத்தவன் நான் என்று இருக்கிறதா, களவெடுத்தவன் நான் என்று இருக்கிறதா, இன்றுவரை தெரியாது.

சரி, மேடைக்கு வருவோம். பையனின் துன்னூறு கொன்ஸ்டபிள் கையில் இருக்கிறது. அது சாதாரண காலமும் இல்லை. 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய வேட்டை, அதற்கு 'யுக்திய' என்று பெயர். சிங்களத்தில் நீதி என்று பொருள். தமிழில் யுக்தி என்றால் தந்திரம். இரண்டு மொழியும் படித்தவனுக்கு விளக்கம் வேண்டாம். பஸ் தரிப்பிடம், சந்தி, வீடு, வாசல் எல்லாம் சோதனை. ஒரு மாதம் முடியுமுன் கைதானவர்கள் 29,000 பேருக்கு மேல் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. நிறுத்துங்கள் என்று ஐ.நா. நிபுணர்கள் கேட்டார்கள். நிறுத்தமாட்டோம் என்றார் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் டிரான் அலஸ். அமைச்சின் பெயரைக் கவனிக்கவும்.

வேட்டையை நடத்திய பதில் பொலிஸ் மா அதிபரின் பெயர் தேசபந்து தென்னகோன். வேட்டைக்குச் சரியாக மூன்று நாள் முன், டிசம்பர் 14இல், ஒரு மனிதரைப் பிடித்துச் சித்திரவதை செய்த வழக்கில் அவர் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, சொந்தப் பணத்திலிருந்து 5 இலட்சம் ரூபா நட்டஈடு கட்டச் சொல்லியிருந்தது. வேறு நாடென்றால் தொப்பியைக் கழற்றியிருப்பார்கள். இங்கே இரண்டரை மாதத்தில் 'பதில்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு முழுப் பொலிஸ் மா அதிபராக்கினார்கள்.

"மே மொகத்த?" என்றார் கொன்ஸ்டபிள் மறுபடியும். இது என்ன. நான் குறுக்கிட்டேன். வெள்ளைச் சேட்டு, நரைத்த தலை, நல்ல சிங்களம். இந்த மூன்றும் இருந்தால் ஒரு தமிழன் சில நிமிடங்களுக்குப் பிரசையாக இருக்கலாம். "இது விபூதி மாத்தயா. கதிர்காமம் போயிருப்பீங்கதானே, நெற்றியில் வைப்பாங்களே." அவர் என்னை மரியாதையாகவே பார்த்தார். "மாஸ்டர் போங்க, கோச்சி வருது" என்றார். கோச்சி வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏறினார்கள். மேடையிலிருந்த மற்றவர்கள் ஏறும்போது பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார்கள். அந்தப் பார்வையையும் எழுதி வைக்க வேண்டும். பொலிஸ் பிடித்தால் ஏதோ இருக்கும் என்று நாம் எல்லாரும் வைத்திருக்கிறோமே, அந்தப் பார்வை. கோச்சி போனது. நான் ஏறவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம், கால் எழும்பவில்லை.

சார்ஜன்ட் வந்தார். பொட்டலத்தை முகர்ந்தார். ஒரு துளி நாக்கில் வைத்தார். தும்மினார். பையனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் செய்த காரியத்துக்கு என்னிடம் இன்னும் சொல் இல்லை. விரலால் கொஞ்சம் தொட்டுத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். கண்ணை மூடி ஒரு கணம் கும்பிட்டார். பொட்டலத்தைப் பையனிடம் நீட்டி, "யன்ன" என்றார். போ. அரை மணித்தியாலமாக ஹெரோயினாக இருந்தது அந்த ஒரு விரல் அசைவில் கந்தசுவாமியாகிவிட்டது. மன்னிப்பு என்ற சொல் மூன்று மொழியிலும் உண்டு. அன்று மூன்றுமே லீவு.

அடுத்த வருடத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 கடைசி நாளில் வெலிகமவில் ஒரு ஹோட்டல் முன்னால் பொலிஸும் பொலிஸும் சுட்டுக்கொண்ட சம்பவத்தில், தேசபந்து தென்னகோனைக் கைது செய்யுமாறு 2025 பெப்ரவரி இறுதியில் மாத்தறை நீதவான் உத்தரவிட்டார். பொலிஸ் தேடியது. மூன்று வாரத்துக்குக் கிட்டத் தேடியது. நாட்டின் பொலிஸ் மா அதிபரை நாட்டின் பொலிஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மதுப் போத்தல்கள் கிடைத்ததாகப் பாராளுமன்றத்தில் சொன்னார்கள். போத்தல்கள் இருந்தன, ஆள் இல்லை. மார்ச் 19இல் அவராகவே நீதிமன்றத்துக்கு வந்தார். ஆகஸ்ட் 5இல் 177 வாக்குகளால் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. அந்த மூன்று வாரமும் அவர் எங்கெங்கே போனார், எந்த வழியால் போனார், யாராவது ஒரு சந்தியில் மறித்து "கோஹெத யன்னே" என்று கேட்டார்களா? ஒரு பொட்டலம் துன்னூறு அவர் சட்டைப்பையில் இருந்திருந்தால் ஒரே காலையில் பிடிபட்டிருப்பார்.

அன்று அடுத்த கோச்சிக்கு நிற்கலாம் என்றேன். பையன் கேட்கவில்லை. "வேணாம் மாஸ்டர், வீட்டுக்குப் போறேன்." இருவரும் மாத்தளை பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் பேசவில்லை. பொட்டலம் கையிலேயே இருந்தது, பைக்குள் வைக்கப் பயம் போலும். அக்குறணை தாண்டி அலவத்துகொட வந்ததும் கொண்டக்டர் மிதிபலகையில் நின்று வழக்கம்போலச் சத்தம் போட்டார்.

"பொலீசிய லங்க பஹின அய!"

பொலிஸடியில் இறங்குகிறவர்கள். தோட்டத்துக்கு ஏறுகிற பாதை அதற்குப் பக்கத்தில்தான். சின்ன வயதிலிருந்து அவன் இறங்குகிற இடம். நான் எழுந்தேன். அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். பஸ் நகர்ந்தது. அடுத்த தரிப்பில் இறங்கினோம். பாதைக்குத் திரும்ப இன்னும் அரை மைல் பின்னால் நடக்க வேண்டும். பொலிஸ் நிலையம் இருக்கிற பக்கத்தை விட்டு வீதியின் மறுபக்கம் போய், என் நிழலில் நடந்து வந்தான்.